பையனின் ரத்தம் கெட்டுப்போகவில்லை

கேள்வி: டாக்டர், நாங்கள் காசிமேட்டில் இருக்கிறோம். என் மகனுக்கு 5 வயது. கைக்குழந்தையாக இருந்தபோது கன்னம் சிவந்து நீர் வடிந்தது. இப்போது முழங்கை மடிப்பும் முழங்காலின் பின்பக்கமும் தடித்துக் கறுத்துவிட்டன. ராத்திரி முழுக்கச் சொறிகிறான். காலையில் போர்வையில் ரத்தத் திட்டு. ரத்தம் கெட்டிருக்கிறது என்று மாமியார் குப்பைமேனியை உப்பும் மஞ்சளும் சேர்த்து அரைத்துப் பூசினார். பையன் துடித்துவிட்டான். மெடிக்கலில் வாங்கிய கிரீமைப் போட்டால் மூன்று நாளில் அடங்குகிறது, விட்டால் முன்பைவிட மோசமாக வருகிறது. மீன், இறால், முட்டை, கத்தரிக்காய் எல்லாம் நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது. பையன் இளைத்ததுதான் மிச்சம். கடலில் குளிக்க வை என்கிறார்கள் சிலர். ஸ்டீராய்டு வேண்டாம் டாக்டர், இயற்கை முறையில் அடியோடு குணமாக வழி சொல்லுங்கள். ஸ்கூலில் பக்கத்தில் உட்காரப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். இறால் உரித்து உரித்து என் கையும் வெடித்துக் கிடக்கிறது, அது பரவாயில்லை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமியாரின் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பையனின் ரத்தம் கெட்டுப்போகவில்லை. ரத்தத்தைச் சுத்தம் செய்கிற கஷாயமோ பேதி மருந்தோ அவனுக்கு வேண்டாம். கைக்குழந்தையில் கன்னம், நடக்க ஆரம்பித்த பிறகு கை கால் மடிப்பு, அடங்கி அடங்கித் திரும்ப வருவது, இரவில் கூடும் அரிப்பு என்று நீங்கள் எழுதியிருப்பதெல்லாம், கரப்பான் என்று நம் வீடுகளில் சொல்கிற எக்ஸிமாவின் வழக்கமான போக்கு. உங்கள் பக்கத்திலோ வீட்டுக்காரர் பக்கத்திலோ யாருக்காவது வீசிங், அடுக்குத் தும்மல் உண்டா என்று விசாரித்துப் பாருங்கள். கரப்பானும் இவையும் பல குடும்பங்களில் சேர்ந்தே வரும்.

ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது ராத்திரியில் அரிக்கிறதா? விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, பிறப்புறுப்பில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் இருக்கின்றனவா? இருந்தால் அது சிரங்காக இருக்கலாம். சிரங்கு பூச்சியால் வருவது, ஒட்டிக்கொள்ளும். ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுக்கிற வீட்டில் ஒருவருக்கு மட்டும் மருந்து போட்டால் போகாது. எல்லாருக்கும் ஒரே நாளில் போட வேண்டும். சிரங்கின் மேல் கரப்பான் மருந்தைப் போட்டுக் காலத்தை ஓட்டுகிறவர்களையும், கரப்பானின் மேல் சிரங்கு வைத்தியம் செய்கிறவர்களையும் நான் நிறையவே பார்க்கிறேன். குப்பைமேனியும் உப்பும் சிரங்குக்குச் செய்கிற பாட்டி வைத்தியம்தான். மாமியார் தெரியாமல் செய்யவில்லை, அவர் நினைத்த நோய் வேறு.

இனி கரப்பான் என்றே வைத்துக்கொண்டு பேசுவோம்.

நம் தோலின் மேலடுக்கைக் காம்பவுண்டுச் சுவர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். செல்கள் செங்கல். அவற்றுக்கு இடையே இருக்கிற கொழுப்பு, பூச்சு. கரப்பான் உள்ள பிள்ளைக்கு அந்தப் பூச்சு குறைவு. உள்ளே இருக்கிற ஈரம் வெளியேறி விடுகிறது, அதனால் தோல் காய்கிறது. வெளியே இருக்கிற சோப்பு, தூசி, வியர்வை உப்பு, கிருமி எல்லாம் உள்ளே நுழைகின்றன. உடம்பு அவற்றோடு மல்லுக்கட்டும்போதுதான் சிவப்பும் அரிப்பும். 2006 இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஃபிலாக்ரின் என்ற புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் குறை இருப்பவர்களுக்குக் கரப்பான் அதிகம் வருவதைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் புரதம்தான் தோலின் மேலடுக்கைக் கெட்டியாகவும் ஈரமாகவும் வைத்துக்கொள்ள உதவுகிறது. எல்லாக் கரப்பான் பிள்ளைகளுக்கும் அந்தக் குறை இருப்பதில்லை. ஆனால் தோலின் காப்பு பலவீனமாக இருப்பது ஏறக்குறைய எல்லாரிடமும் உண்டு.

அரிப்பு வந்ததும் சொறிகிறான். சொறிந்த இடம் இன்னும் கிழிகிறது. கிழிந்த இடம் இன்னும் அரிக்கிறது. தடித்துக் கறுத்துப் போனது இந்தச் சுழற்சியால்தான், அழுக்கினால் அல்ல. அதை நார் போட்டுத் தேய்க்கவே கூடாது.

ஆகவே எந்த வைத்தியமானாலும், இயற்கையோ ஆங்கில மருந்தோ, நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: அது தோலின் காப்பைச் சரிசெய்கிறதா, இன்னும் உடைக்கிறதா? பூசியதும் பிள்ளை துடிக்கிறான் என்றால் அது அவனுக்கு மருந்து இல்லை. எரிந்தால்தான் கிருமி சாகும் என்று நம் ஊரில் ஆழமாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. கரப்பான் விஷயத்தில் அது தலைகீழ்.

நல்ல சேதி, உங்கள் சமையலறையிலேயே சில பொருட்கள் உதவும். முதலில் தேங்காய் எண்ணெய். பிலிப்பைன்ஸில் 117 குழந்தைகளிடம் 8 வாரம் நடத்தி 2014 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், லேசான, நடுத்தரமான கரப்பானுக்கு விர்ஜின் தேங்காய் எண்ணெய் பூசிய குழந்தைகளுக்கு, மினரல் ஆயில் (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கிற எண்ணெய்) பூசியவர்களைவிட நல்ல குணம் தெரிந்தது. தோல் ஈரம் காத்தது. கிருமிகளை அடக்கும் குணமும் அதற்குக் கொஞ்சம் உண்டு. விர்ஜின் என்பது பச்சைத் தேங்காயிலிருந்து அதிகம் சூடாக்காமல் எடுக்கிற எண்ணெய். அது விலை அதிகம் என்றால் செக்கு எண்ணெய் வாங்கலாம், ஆனால் கந்தகப் புகை போடாத கொப்பரையில் ஆட்டியதுதானா என்று கேட்டு வாங்குங்கள். வாசனை சேர்த்த கூந்தல் எண்ணெய் கூடாது.

எல்லா எண்ணெயும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஆலிவ் எண்ணெய் நல்லது என்று விலை கொடுத்து வாங்குகிறார்கள். பிரிட்டனில் நடத்தி 2013 இல் வெளியிட்ட ஆய்வில், அதைத் தொடர்ந்து பூசிய பெரியவர்களின் தோல் காப்பு பலவீனமானது தெரியவந்தது. கடுகு எண்ணெயும் வேண்டாம்.

எண்ணெயைவிட முக்கியம், அதை எப்போது பூசுகிறீர்கள் என்பது. வெதுவெதுப்பான தண்ணீர், ஐந்து முதல் பத்து நிமிஷம், அவ்வளவுதான் குளியல். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் அந்த நேரத்துக்கு அரிப்பு அடங்கும், பிறகு இரட்டிப்பாக வரும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தோலில் ஈரம் இருக்கும்போதே, குளியலறை வாசலிலேயே, இரண்டு மூன்று நிமிஷத்துக்குள் எண்ணெயைப் பூசிவிட வேண்டும். காய்ந்த தோலில் அரை மணி கழித்துப் பூசினால் பூட்டி வைக்க அங்கே ஈரமே இருக்காது. உள்ளங்கையில் எடுத்து முடி படிந்திருக்கும் திசையில் மேலிருந்து கீழாக நீவுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். தோலில் ஒரு பளபளப்பு நிற்க வேண்டும். தோல் மிகவும் காய்ந்திருந்தால் எண்ணெய் மட்டும் போதாது. வாசனை இல்லாத சாதாரண பெட்ரோலியம் ஜெல்லி தாராளமாகப் போடுங்கள். ஸ்கூலுக்குக் கிளம்பும் முன், திரும்பி வந்ததும், படுக்கும்போது என்று மூன்று வேளை. உடம்பு முழுக்கக் காய்ந்திருக்கிற 5 வயதுப் பிள்ளைக்கு வாரத்துக்கு 200 கிராமாவது செலவாகும். சின்ன டப்பா இரண்டு மாதம் வருகிறது என்றால் போதுமான அளவு பூசவில்லை என்று பொருள்.

எண்ணெயோ ஜெல்லியோ ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு, விளக்கு, மத்தாப்புப் பக்கம் அவனை விடாதீர்கள்.

சோப்பு விஷயத்தில் கறாராக இருங்கள். நம் தோல் இயல்பாகக் கொஞ்சம் புளிப்புத் தன்மை உடையது. பி.எச். என்ற அளவில் அது சுமார் 5; 7க்குக் கீழே புளிப்பு, மேலே காரம். சாதாரணக் குளியல் சோப்பு 9, 10. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் இருக்கிற கொழுப்பையும் கழுவி எடுத்துவிடுகிறது. அக்குள், தொடை இடுக்கு, பாதம் இவற்றுக்கு மட்டும் வாசனை இல்லாத மென்மையான திரவம் கொஞ்சம் போதும். மற்ற இடங்களுக்குத் தண்ணீரே போதும். நலங்கு மாவு நல்லதுதானே என்று கேட்பீர்கள். நல்ல தோலுக்கு நல்லது. கிழிந்த தோலில் அதன் கரகரப்பு உராயும். பயறு, கடலை மாவு, பால், தயிர் போன்ற உணவுப் பொருட்களைப் புண்ணான தோலில் தொடர்ந்து தேய்த்தால் அந்த உணவுக்கே ஒவ்வாமை உண்டாகவும் வாய்ப்பு இருக்கிறது. குளித்ததும் சாம்பிராணிப் புகை காட்டுகிற பழக்கம் இருந்தால் இவனுக்கு நிறுத்திவிடுங்கள். கொசுவத்திப் புகையும் அப்படித்தான், வலை கட்டுங்கள்.

அரிப்பு தாங்காத நாட்களில் ஓட்ஸ் தண்ணீர் இதம் தரும். சாதாரண ஓட்ஸை மிக்சியில் நைஸாக மாவாக்குங்கள். ஒரு ஸ்பூனை டம்ளர் தண்ணீரில் கலக்கினால் பால் போல வெளுத்து நிற்க வேண்டும், அடியில் தங்கினால் இன்னும் அரைக்க வேண்டும். ஒரு பிடி மாவை மெல்லிய துணியில் முடிந்து வாளித் தண்ணீரில் பிழிந்துவிட்டு, கடைசியாக அந்தத் தண்ணீரை மேலே ஊற்றுங்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2003 இலேயே இப்படி நைஸாக அரைத்த ஓட்ஸை (கூழ்ம ஓட்ஸ்) தோல் காப்புப் பொருளாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. முதலில் கையில் சின்ன இடத்தில் ஊற்றி ஒரு நாள் பாருங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம், நான் மேலே சொன்ன அதே ஒவ்வாமைக் காரணம்தான்.

ராத்திரிக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. சுத்தமான பழைய வேட்டித் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, எண்ணெய் பூசிய மடிப்பின் மேல் பத்து நிமிஷம் போட்டு வையுங்கள். எடுத்ததும் மறுபடி கொஞ்சம் எண்ணெய். பல பிள்ளைகள் அதோடு தூங்கிவிடுவார்கள். சோற்றுக்கற்றாழை வேண்டுமானால் உள்ளே இருக்கிற கண்ணாடிச் சதையை மட்டும், மஞ்சள் பால் போகும்வரை ஏழெட்டுத் தடவை கழுவி, புண் இல்லாத இடத்தில் பூசிப் பாருங்கள்.

சிலவற்றைத் தயவுசெய்து செய்யாதீர்கள். தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுக் காய்ச்சிப் பூசுகிறார்கள். கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும், சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரவைக்கும். வேப்பெண்ணெயை உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது. மூளை பாதிக்கப்பட்டுக் குழந்தைகள் இறந்ததாக மருத்துவ இதழ்களிலேயே பதிவுகள் இருக்கின்றன. வெளியே பூசினாலும் சிலருக்கு ஒவ்வாமை வரும். வேப்பிலைத் தண்ணீரில் குளிக்க வைப்பதால் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் தோல் இன்னும் காய்ந்தால் விட்டுவிடுங்கள்.

சித்த மருத்துவத்தில் நம்பிக்கை இருக்கிறது என்றால் அதை நான் தடுக்க மாட்டேன். அருகம்புல் சேர்த்துக் காய்ச்சுகிற அருகன் தைலம் போன்றவற்றைக் கரப்பானுக்குப் பல காலமாகக் கொடுத்து வருகிறார்கள். ஆனால் படித்த சித்த மருத்துவரிடம், அரும்பாக்கத்தில் இருக்கிற அரசு இந்திய மருத்துவமனை போன்ற இடத்தில் காட்டிப் பெறுங்கள். லேபிள் இல்லாத பாட்டிலில் சந்தையில் விற்கிற தைலம், பொட்டலத்தில் கட்டிக் கொடுக்கிற பொடி வேண்டாம். அவற்றில் உலோகம் கலந்திருக்கலாம், சிலவற்றில் ஸ்டீராய்டே கலந்திருக்கலாம்.

கடல் குளியல் வேண்டாம். வெடித்த தோலில் உப்புத் தண்ணீர் தீயாக எரியும். அதுவும் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய தண்ணீரில் டீசலும் மீன் கழிவும் கலந்திருக்கும். போர் தண்ணீர் கரிக்கிறதே, அதனால்தானா என்று பல வீடுகளில் கேட்கிறார்கள். கடின நீர், அதாவது சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள தண்ணீர், உள்ள ஊர்களில் கரப்பான் சற்று அதிகம் என்பது உண்மை. ஆனால் 2011 இல் பிரிட்டனில் 336 குழந்தைகளை வைத்துச் சோதித்தபோது, தண்ணீரை மென்மையாக்கும் கருவியால் கூடுதல் பலன் இல்லை. கடன் வாங்கி அதை மாட்டாதீர்கள். பையனின் குளியலுக்கு மட்டும் மெட்ரோ தண்ணீர் ஒரு குடம் ஒதுக்க முடிந்தால் ஒதுக்குங்கள், போதும்.

நம் பக்கத்தில் பெரிய எதிரி வியர்வைதான். மே மாதம் பவர் கட் ஆன ராத்திரியில் எல்லாக் கரப்பான் பிள்ளைகளும் சொறிவார்கள். பருத்திச் சட்டை, வியர்த்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி உடனே எண்ணெய், பவுடர் போடாமல் இருப்பது, வாரம் ஒரு முறை நகம் வெட்டுவது. இலவம்பஞ்சுத் தலையணையை அடிக்கடி வெயிலில் போடுங்கள், உறையைச் சுடுதண்ணீரில் அலசுங்கள். லாரிகள் போகிற தெருவென்றால் விளையாடி வந்ததும் கை காலைக் கழுவி விடுங்கள்.

இனி சாப்பாடு. இது எனக்கு மனதை உறுத்துகிற விஷயம். கரப்பான் பண்டம் என்று பட்டியல் போட்டு வளரும் பிள்ளையின் தட்டைக் காலி செய்வதை வாரம் தவறாமல் பார்க்கிறேன். கடுமையான கரப்பான் உள்ள கைக்குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு உணவு ஒவ்வாமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது பெரும்பாலும் ஒளிந்துகொண்டு இருக்காது. சாப்பிட்ட சில நிமிஷத்தில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்தில், உதடு வீங்கும், தடிப்புத் தடிப்பாக வரும், வாந்தி எடுக்கும், மூச்சு இரைக்கும். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஒரு வருஷம் எல்லாவற்றையும் நிறுத்தியும் கரப்பான் போகவில்லை. அவை காரணம் இல்லை என்பதற்கு அதுவே பெரிய சான்று. கத்தரிக்காயையும் மற்ற காய்கறிகளையும் இன்றைக்கே கொடுக்கலாம். முட்டை, மீன், இறாலுக்கு மட்டும் அவசரம் வேண்டாம். இவ்வளவு நாள் நிறுத்திய பிறகு திடீரென்று கொடுத்தால் சில கரப்பான் பிள்ளைகளுக்குப் புதிதாக ஒவ்வாமை காட்டலாம். மருத்துவரைக் கேட்டுவிட்டு, பகல் வேளையில், ஒவ்வொன்றாக, ஒரு வாய் அளவில் தொடங்குங்கள். வீசிங் உள்ள பிள்ளை என்றால் மருத்துவமனையிலேயே தொடங்குவது நல்லது.

அந்த மெடிக்கல் கிரீமுக்கு வருவோம். ஸ்டீராய்டு வேண்டாம் என்கிறீர்கள். மூன்று நாளில் அடக்கி, விட்டதும் சீறி வருகிற அந்தக் கிரீமில் பெரும்பாலும் இருப்பது வீரியமான ஸ்டீராய்டுதான். கூடவே பூஞ்சை மருந்து, கிருமி மருந்து என்று எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கும். டியூபைத் திருப்பிப் பாருங்கள், குளோபெட்டசால் என்று எழுதியிருக்கிறதா? பிள்ளைகளின் மடிப்பில், முகத்தில் அதைத் தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து கோடு கோடாக விழும். மேலே பூசுகிற ஸ்டீராய்டுகளில் 14 வகைகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018 இல் மத்திய அரசு உத்தரவு போட்டது இதனால்தான். பல நாளாக அதைப் போட்டு வந்தால், சடாரென்று நிறுத்தாமல் டியூபோடு மருத்துவரிடம் போங்கள்.

ஆனால் பயத்தை முழுசாக அந்தப் பக்கம் சாய்த்துவிடாதீர்கள். தோல் தீப்பிடித்தது போல இருக்கும்போது தேங்காய் எண்ணெய் தனியாக அதை அணைக்காது. வயதுக்கும் இடத்துக்கும் ஏற்ற மென்மையான ஸ்டீராய்டை, மருத்துவர் சொன்ன நாட்களுக்கு, சரியான அளவில் போட்டால் அது பத்திரமானது. டியூபிலிருந்து பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனி மடிப்பு வரை நீளமாகப் பிதுக்கினால் அரை கிராம், அது விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குச் சரியாக இருக்கும். பயந்து பயந்து பட்டாணி அளவில் தொட்டு வைப்பதால்தான் பல பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் இழுக்கிறது. சிவப்பு அடங்கியதும் மருந்தைக் குறைக்கலாம், எண்ணெயை நிறுத்தக் கூடாது. மடிப்புக்கும் முகத்துக்கும் டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு அல்லாத களிம்பும் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

அடியோடு குணமாகுமா என்று கேட்டீர்கள். இனி எப்போதும் வராது என்று எந்த வைத்தியத்தாலும் வாக்குக் கொடுக்க முடியாது, கொடுக்கிறவரை நம்பாதீர்கள். ஆனால் நிறையப் பிள்ளைகளுக்கு வளர வளர இது குறைந்துவிடுகிறது. அதுவரை அவன் ராத்திரி தூங்க வேண்டும், வயிறாரச் சாப்பிட வேண்டும். இரண்டும் உங்களால் முடியும்.

புண்ணில் மஞ்சளாகப் பொருக்குக் கட்டினாலோ, சீழ் வைத்தாலோ தள்ளிப்போடாமல் காட்டுங்கள். காய்ச்சலோடு, குத்தி எடுத்தது போல ஒரே அளவில் சின்னச் சின்னக் குழிப்புண்கள் கூட்டமாக வந்து வலித்தால், அது அக்கி வகை வைரஸ் தொற்று. ராத்திரியானாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், கண் பக்கம் என்றால் இன்னும் அவசரம். அம்மை என்று வேப்பிலை கட்டி வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

ஸ்கூலில் சொல்லுங்கள்: கரப்பான் ஒட்டாது. தொட்டாலும், கட்டிப்பிடித்தாலும், ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டாலும் ஒட்டாது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் பையனைக் காட்டும்போது, இதை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். டீச்சரே வகுப்பில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் பிள்ளைகளின் பயம் போய்விடும்.

கடைசியாக, பரவாயில்லை என்று நீங்கள் எழுதிய உங்கள் கை. அது பரவாயில்லாத விஷயம் இல்லை. நாள் முழுக்க ஐஸிலும் இறால் தண்ணீரிலும் ஊறுகிற கையில் வருவதும் எக்ஸிமாதான், இறாலின் புரதத்துக்கே ஒவ்வாமை வந்து சிலருக்குக் கை வேலையே செய்ய முடியாமல் போகிறது. உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை, மேலே ரப்பர் கையுறை. உள்ளே ஈரமானால் மாற்ற வேறொரு ஜோடி. பிளீச்சிங் பவுடரில் வெறும் கையை வைக்க வேண்டாம். வேலை முடிந்ததும் கழுவி, ஒற்றி, பெட்ரோலியம் ஜெல்லி. படுக்கும்போது கெட்டியாகப் பூசி மேலே பருத்திக் கையுறை. இதில் பையனின் நன்மையும் இருக்கிறது: இறால் உரித்த கையைச் சரியாகக் கழுவாமல் அவன் தோலில் எண்ணெய் பூசினால், அந்தப் புரதம் கிழிந்த தோல் வழியாக அவனுக்குள்ளும் போகும். அவனை ஸ்டான்லிக்கு அழைத்துப் போகிற அன்றைக்கே உங்கள் பெயருக்கும் ஒரு ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள்.